இரண்டு வழியும் திறந்திருக்கட்டும் என்று சொன்னவன் நான்

மகள், வருகிற வியாழக்கிழமை உனக்கு நிக்காஹ். வீட்டில் பந்தல்காரரும் தையல்காரியும் உன் உம்மாவும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பதால் எனக்குப் பேச இடம் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள். உண்மை அதுவல்ல. நேருக்கு நேர் சொல்ல வந்தால் பாதியில் சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவேன். என் குணம் உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். நீ எனக்கு அமைத்துத் தந்த மின்னஞ்சலில் இருந்து இது வருகிறது. உனக்கு மட்டும் அல்ல, நீ காக்கா என்று கூப்பிடுகிற உன் அண்ணனுக்கும், ஆலையில் வேலை செய்கிற எல்லோருக்கும் போகிறது. உம்மாவுக்குக் காக்கா வாசித்துக் காட்டுவான். போன வருடம் உன்னை எல்லோருக்கும் முன்னால்தான் குற்றவாளியாக நிற்க விட்டேன். அதைத் திருத்துவதும் எல்லோருக்கும் முன்னால்தான் நடக்க வேண்டும்.

பழைய கதையில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஆலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு அது தெரியாது. நம்முடைய அரிசி ஆலைக்குப் பல வருடமாக இருந்த மின்னஞ்சல், உன் காக்கா பாடசாலை நாட்களில் தனக்கென்று திறந்தது. ‘கூல் பிரின்ஸ்’ என்று தொடங்கி, அவனுக்குப் பிடித்த கிரிக்கெட் ஆட்டக்காரருடைய சட்டை இலக்கத்தில் முடியும். அந்தப் பெயரில்தான் வங்கிக்கும், கப்பல் ஏஜென்டுக்கும், கட்டாரில் நம்மிடம் சிவப்பரிசி வாங்குகிறவருக்கும் எழுதினோம். எனக்கு அதில் வெட்கமே இருக்கவில்லை. சாக்குக்குள் இருக்கிற அரிசி நல்லதாக இருந்தால் கடிதத்தின் தலையில் என்ன இருந்தால் என்ன என்பது என் எண்ணம். ஒருநாள் கட்டார்காரர் போனில், இந்த பிரின்ஸ் என்பவர் உங்கள் கம்பனியில் யார், அவரோடு கொஞ்சம் பேசலாமா என்று கேட்டார். நான் காக்காவைப் பார்த்தேன். காக்கா கூரையைப் பார்த்தான். நீ மட்டும் சிரிக்கவில்லை. நாம் அனுப்புகிற விலைப்பட்டியல் அடிக்கடி அவருடைய குப்பைப் பெட்டியில் போய் விழுவதும் இந்தப் பெயரால்தான் என்று சொன்னாய். கம்பனியின் சொந்தப் பெயரில் மின்னஞ்சல் அமைக்கலாம், அதற்கு மாதச் சந்தாவுக்குச் சேவை நடத்துகிற பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன, கடிதங்கள் அவர்களுடைய இடத்தில் பாதுகாப்பாக இருக்கும், நம் கணினி பழுதானாலும் ஒன்றும் போகாது என்று விளக்கினாய்.

பெயர் ஏற்கெனவே இருந்தது. பல வருடத்துக்கு முன்னர் ஓட்டமாவடி பிரதான வீதியில் கணினிக் கடை வைத்திருக்கிற றிஸ்வி நமக்கு ஒரு இணையப் பக்கம் செய்து தந்தார். ஆலையின் படம் ஒன்று, என் போன் இலக்கம், அவ்வளவுதான். அதற்காக நம் ஆலையின் பெயரில் டொமைன் என்கிற இணைய முகவரி ஒன்றை வாங்க வேண்டியிருந்தது. வாங்குவதற்கு வங்கி அட்டை கேட்டார்கள். என்னிடம் அப்போது அட்டை இல்லை. றிஸ்வி தன்னுடைய அட்டையால் தன்னுடைய பெயரிலேயே பதிந்துவிட்டார். அதோடு சேர்த்து ஒரு மின்னஞ்சல் பெட்டியும் தந்தார். நான் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. நீ இதைக் கேட்டுவிட்டுச் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

“பேர் உங்கட. உறுதிப் பத்திரம் அவர்ட பேரில. இப்பிடி ஒரு காணிய நீங்க வாங்குவீங்களா வாப்பா?”

றிஸ்வி நம்முடைய ஆள்தானே என்று சொன்னேன். நல்ல ஆள்தான், அதில் பிழை இல்லை, ஆனால் நல்ல ஆட்களுடைய கடையும் ஒருநாள் மூடும் என்று நீ சொன்னாய். காணி வாங்கும்போது எல்லைக் கல்லை நானே கையால் தட்டிப் பார்க்கிறவன். இந்த விஷயத்தில் மட்டும் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. கண்ணால் பார்க்க முடியாத சொத்தை நான் சொத்தாகவே நினைத்ததில்லை. பெயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், முதலில் மின்னஞ்சலை அமை என்று சொல்லிவிட்டேன். அது என்னுடைய முதல் பிழை. பெரிய பிழை அதற்குப் பிறகு வருகிறது.

அஸர் தொழுகை முடித்து நான் வந்தபோது நீ சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து உட்கார்ந்திருந்தாய். றிஸ்வி போனில் இருந்தார். நீ வரிவரியாகச் சொல்ல அவர் தன் பக்கத்தில் பதிந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, தெரியாத ஊரில் பஸ்ஸுக்குள் ஏறிய ஆளைப் போல ஒவ்வொன்றுக்கும் இது எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் அந்த நிறுவனம் ஒரு நீளமான எழுத்துக் கோர்வையைத் தந்தது, அதை நம் டொமைனின் பதிவில் ஒட்டச் சொன்னது. எங்களுடைய பெயர் எங்களுடையதுதான் என்பதற்கு அவர்கள் எழுதித் தந்ததை நாம் ஏன் ஒட்ட வேண்டும் என்று சண்டைக்குப் போனேன். அந்தப் பதிவைத் திறக்கிற ஆள்தான் அதை ஒட்ட முடியும், ஒட்டிக் காட்டினால் சொந்தக்காரர் நாம்தான் என்று அவர்களுக்கு விளங்கும் என்றாய். அடுத்தது, நம் பெயருக்கு வருகிற கடிதம் எந்த இடத்தில் போய் இறங்க வேண்டும் என்று உலகத்துக்குச் சொல்கிற வரி. பழைய வரியை அழித்துவிட்டுப் புதிய வரியைப் போடச் சொன்னாய். றிஸ்வி அழித்தார். அதற்குப் பிறகு, நம் பெயரில் யார் யார் கடிதம் அனுப்பலாம் என்ற பட்டியல். கடைசியாக ஒரு முத்திரை. அந்த முத்திரை எனக்கு எவ்வளவு சொல்லியும் விளங்கவில்லை.

“வாப்பா, நீங்க ஏன் நம்மட சாக்க நீலநூலால தைக்கிற?”

வழியில் யாராவது பிரித்து வேறு அரிசி கலந்தால் தெரிந்துவிடும், அந்த நீலநூல் இந்தப் பக்கத்துக் கடைகளில் கிடைக்காது என்றேன்.

“அதுதான் இது. கடிதத்துக்கு நீலநூல்.”

உள்ளதைச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் எனக்கு உன்னைப் பார்த்துப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. அந்த நூலை நான் கண்டுபிடிக்க எனக்கு எத்தனை சாக்கு பிரிபட வேண்டியிருந்தது. நீ அதை ஒரு வசனத்தில் எடுத்து என்னிடமே திருப்பித் தந்துவிட்டாய். கொழும்பில் போய்ப் படிக்கக் கேட்டபோது வேண்டாம் என்று தடுத்து, மட்டக்களப்பு டவுனில் பஸ்ஸில் போய்வந்து படிக்கிற டிப்ளோமாவே போதும் என்று சொன்னவன் நான். அந்த டிப்ளோமாவில் இருந்து இவ்வளவை எடுத்த உன்னைக் கொழும்புக்கு அனுப்பியிருந்தால் எவ்வளவு எடுத்திருப்பாய் என்று அன்றைக்கு நினைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை.

எல்லோருக்கும் ஒவ்வொரு பெட்டி தந்தாய். எனக்கு ஒன்று, காக்காவுக்கு ஒன்று, உனக்கு ஒன்று, அரிசிக்கு ஓடர் வருவதற்கென்று தனியாக ஒன்று. ஆளுக்கு ஆள் வேறு பாஸ்வேட், யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது, உள்ளே போகும்போது போனுக்கு வருகிற இலக்கத்தையும் போட வேண்டும். பாஸ்வேடை ஒரு கடதாசியில் எழுதி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். நீ அதை எடுத்துக் கிழித்துவிட்டு மனப்பாடம் பண்ணச் சொன்னாய். நான் முதல் கடிதத்தைக் கட்டாருக்கு அனுப்பினேன். அனுப்பிவிட்டுத் திரையைப் போனில் படம் பிடித்து, அதையும் வட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பினேன். கடிதம் போய்ச் சேராவிட்டால் படமாவது போகட்டும் என்று. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அந்தப் பழக்கம் எனக்கு நேற்று வரை இருந்தது.

ஏன் இருந்தது என்று சொல்ல வேண்டும். எனக்கு ஒரு வழி மூடுவதற்கு முன்னால் இன்னொரு வழியைத் திறந்து வைக்காமல் நித்திரை வராது. யுத்தத்தில் வீதி மூடிக்கிடந்த நாட்களில் நெல்லைத் தோணியில் ஏற்றி வாவியால் கொண்டுவந்தேன். வீதி திறந்த பிறகும் தோணிக்காரரை விடவில்லை. வருடக்கணக்கில் ஒரு தோணி நெல்லாவது அவரிடம் கொடுத்தேன், உறவு அறுந்துபோகக் கூடாது என்று. புதிய ஆலை கட்டிய பிறகும் பழைய கடையை மூன்று வருடம் திறந்து வைத்திருந்தேன். அங்கே ஆள் இல்லை, அரிசியும் இல்லை, ஒரு மேசையும் ஒரு மின்விசிறியும் மட்டும். பழக்கமான ஆள் யாராவது தேடி வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாரோ என்ற பயம். அதில் நான் கெட்டுப்போகவில்லை, நன்றாகத்தான் வந்தேன். அதனால் அது புத்தி என்றே நினைத்திருந்தேன்.

நீ புதிய மின்னஞ்சலை அமைத்து இரண்டு நாள் கழித்து, உனக்குச் சொல்லாமல் றிஸ்வியின் கடைக்குப் போனேன். பழைய வரியை அழித்ததுதான் எனக்கு மனதுக்குள் குத்திக்கொண்டிருந்தது. புதியது வேலை செய்யாவிட்டால் கடிதம் எங்கே போகும்? பழைய வரியையும் திரும்பப் போடுங்கள், அதுவும் இருக்கட்டும் என்றேன். றிஸ்வி, அப்படியென்றால் எதை முதலாவதாக வைப்பது, எதை இரண்டாவதாக வைப்பது என்று கேட்டார். அந்த இடத்தில் நான் சொன்ன பதிலை யோசித்தால் இன்றைக்கும் முகம் சூடாகிறது. “ஒண்டுக்குக் கீழ ஒண்டு வேணாம். ரெண்டையும் ஒரே தரத்தில வைங்க,” என்றேன். பிள்ளைகளுக்குள் பாரபட்சம் காட்டாத தகப்பன் மாதிரி. றிஸ்வி அப்படியே செய்தார். மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டீர்களா என்று கேட்டார். கேட்டுவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

இரண்டு வரியும் ஒரே தரத்தில் இருந்தால் கடிதம் இரண்டு இடத்துக்கும் போகும் என்று நான் நினைத்தேன். அது அப்படி இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது. ஒரு கடிதம் ஒரு இடத்துக்குத்தான் போகும். எது என்பதை அனுப்புகிற பக்கம் கண்ணை மூடிக்கொண்டு தெரிவுசெய்யும். ஒன்று புதிய பெட்டிக்கு வரும். இன்னொன்று யாரும் திறக்காத பழைய பெட்டிக்குப் போகும். பல கடிதம் ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கட்டார்காரர் பத்துக் கிலோப் பை கேட்டிருந்தார். நாம் பொதி கட்டத் தொடங்கிய வாரத்தில், பத்துக் கிலோ வேண்டாம், எல்லாவற்றையும் ஐந்து கிலோப் பையாக மாற்றுங்கள் என்று ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அது பழைய பெட்டிக்குப் போய்விட்டது. கொன்டெய்னரில் ஏற்றுவதற்கு முதல்நாள் பைகளின் படத்தைக் கேட்டார். காக்கா அனுப்பினான். அடுத்த நிமிடமே போன் வந்தது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். எழுதியதை வாசிக்காத கம்பனியோடு நான் எப்படி வேலை செய்வது என்று மட்டும் கேட்டார்.

ஆலை முற்றத்தில் எல்லோரும் நின்ற இடத்தில்தான் காக்கா உன்னைப் பார்த்துச் சொன்னான்.

“என்ட கூல் பிரின்ஸ் இரிந்த காலத்தில ஒரு கடிதமும் துலையல்ல. பேர் வடிவா இரிந்தாப் போதுமா தங்கச்சி? கடிதம் வரணும்.”

நெல் இறக்க வந்த லொறிக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். உம்மா, பெண்பிள்ளைக்கு எதற்கு இந்தத் தலையிடி என்று அன்றைக்கே தொடங்கிவிட்டா. நீ என்னைப் பார்த்தாய். நான் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரியாது, ஆனால் ஒரு சந்தேகம் வந்தது. றிஸ்வியிடம் நான் சொன்ன வேலையாக இருக்குமோ என்று. அந்தச் சந்தேகம் வந்த ஆள், ஒரு நிமிடம் பொறு, நான் ஒன்று செய்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. முப்பது வருடமாக இந்த முற்றத்தில் பிழை விடாத ஆள் என்று பெயர் எடுத்தவன் நான். அந்தப் பெயரைக் காப்பாற்ற உன்னைக் கொடுத்தேன். இதை இதைவிட நல்ல வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நீ வீட்டுக்குள் போனாய். ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்தாய். “பதிவில ஒரு பிழை இரிந்திச்சு. திருத்திட்டன். இனி வராது,” என்றாய். யாருடைய பிழை என்று சொல்லவில்லை. பிறகு முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, பொதி கட்டுகிற பெண்களோடு போய் உட்கார்ந்தாய். மூன்று நாள். பத்துக் கிலோப் பைகளின் நீலநூலை ஒவ்வொன்றாகப் பிரித்து, அரிசியைக் கொட்டி, ஐந்து ஐந்தாக நிறுத்து, திரும்பவும் நீலநூலால் தைத்தீர்கள். மூன்றாம் நாள் உன் விரலில் துணி சுற்றியிருந்தது. அந்தப் பெண்களில் ஒருவர், தங்கச்சி கணினியைவிட ஊசியில் கெட்டிக்காரி என்று பகிடி விட்டதற்கு, இரண்டுக்கும் நூல் கோர்க்கத் தெரிந்தால் சரி என்று நீ சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் நான் அந்தப் பக்கமாக நடந்து போனேன். நிற்கவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்தது இன்னும் மோசம். ஓடர் பெட்டியைப் பார்க்கிற வேலையை உன்னிடம் இருந்து எடுத்துக் காக்காவிடம் கொடுத்தேன். கட்டார்காரருக்கு நாம் ஏதோ நடவடிக்கை எடுத்தது போல இருக்கும் என்று ஒரு நியாயம் வைத்திருந்தேன். நீ அன்றைக்கே காக்காவை உட்காரவைத்து எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தாய். எந்தக் கடிதத்துக்கு யார் பதில் எழுதுவது, எதை எந்தக் கோப்பில் போடுவது என்று. கோபத்தில் வேலையைக் கைவிடுகிற ஆள் இப்படிக் கைமாற்றிக் கொடுப்பதில்லை. அடுத்த ஓடரைக் கட்டார்காரர் தந்தபோது எனக்குப் போனில் ஒரு விஷயம் சொன்னார். உங்கள் கம்பனியில் இருந்து ஒரு கடிதம் வந்தது, உங்கள் கடிதம் இன்ன இடத்தில் கிடந்தது, இன்ன நாளில்தான் கண்டெடுத்தோம், பிழை எங்களுடையது என்று காரணம் மறைக்காமல் எழுதியிருந்தது, அதனால்தான் திரும்பவும் வந்தேன் என்றார். நீ எழுதிய கடிதத்துக்கு நான் நன்றி என்று சொன்னேன். நானே எழுதியது போல.

இப்போது இந்த வாரத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை கலியாணக் கார்ட் கொடுக்க றிஸ்வியிடம் போனேன். போன இடத்தில், டொமைனை என் பெயருக்கு மாற்றித் தாருங்கள், கலியாணத்துக்கு முன்னால் முடித்துவிடுவோம் என்றேன். என் பெயருக்கு என்றுதான் கேட்டேன், மறைக்கவில்லை. அவர் தேநீர் சொல்லிவிட்டு, மகள் போன வருடமே மாற்றக் கேட்டவ, நீங்கள் வந்து கேட்கிறவரைக்கும் பொறுப்போம் என்று பிறகு அவவே சொன்னவ என்றார். எப்போது என்று கேட்டேன். அந்தப் பழைய பெட்டியைத் திறந்து பார்த்த நாள் என்றார். தேநீரைக் கீழே வைத்துவிட்டு, முழுதும் சொல்லுங்கள் என்றேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீ அன்றைக்கு அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் அவருக்குப் போன் எடுத்து, பழைய வரியை யார் திரும்பப் போட்டது என்று கேட்டாயாம். ஹாஜியார்தான், உங்கள் வாப்பாதான், வந்து சொன்னார், உங்களிடம் கேட்டுவிட்டதாகவும் சொன்னார் என்று அவர் உள்ளதைச் சொல்லிவிட்டாராம். கோபமா தங்கச்சி என்று கேட்டாராம். அதற்கு நீ சொன்னது:

“இல்ல. வாப்பா ரெண்டு வழி வெச்சிருந்தபடியாத்தான் நாங்க சின்னதில பசி இரிக்கல்ல. இந்த விஷயத்துக்கு மட்டும் அது சரிவராது. நீங்க அத அழிங்க, அவர்ட்ட ஒண்டும் கேக்க வேணாம்.”

ஆக, தராசைப் பார்த்துக்கொண்டு நான் நின்ற அன்றைக்கே உனக்கு எல்லாம் தெரியும். மூன்று நாள் நூல் பிரித்தபோது தெரியும். நான் ஓடர் பெட்டியைக் கேட்டபோது தெரியும். ஒரு வருடமாக ஒரே மேசையில் எனக்குச் சோறு போட்டுக் கறி ஊற்றினாய், ஒருநாளாவது ஒரு குத்துப் பேச்சு இல்லை. நான் வியாபாரி. எதிரில் இருக்கிற ஆளின் கையில் என்ன துருப்புச் சீட்டு இருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லுவேன் என்று பெருமை பேசுகிறவன். என் மகளின் கையில் இருந்ததை ஒரு வருடமாக நான் காணவில்லை. வியாபாரத்தில் நான் பார்த்த எந்த ஆளும் கையில் இருந்ததை இப்படிப் பாவிக்காமல் வைத்திருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து காக்கா சாப்பிட வந்தான். நீ தையல்காரியிடம் போயிருந்தாய். உம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தா. அந்தப் பழைய வரியைப் போடச் சொன்னது நான்தான், தங்கச்சிக்குத் தெரியாமல் செய்தேன் என்று சொன்னேன். காக்கா பிசைந்த சோற்றைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“அப்ப நான் தங்கச்சிக்கு அண்டைக்கு ஆலை முற்றத்தில வெச்சு சொன்னதெல்லாம்?”

“எனக்குச் சொன்னதா எடுத்துக்க.”

“உங்களுக்குச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்குமா வாப்பா?” என்றான். அதுதான் விஷயம். எனக்குச் சொல்ல யாருக்கும் வாய் வராது என்ற தைரியத்தில்தான் நான் பேசாமல் இருந்தேன். உம்மா கறிச்சட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, வாசலில் நின்றபடியே கேட்டா: “ஒரு வருஷம் அந்தப் புள்ளைட முகத்தப் பாத்துக்கிட்டு எப்பிடி நீங்க சாப்பிட்ட?” அன்றைக்கு எனக்கு இரண்டாவது முறை கறி கிடைக்கவில்லை. அது நியாயம்தான். நீ வீட்டுக்கு வந்தபோது காக்கா உன்னோடு என்னமோ பேச முற்றத்துக்குக் கூப்பிட்டானே, அது இதற்குத்தான். அவன் உன்னிடம் சரியாகக் கேட்டானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அவனுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை. அது அவன் என்னிடம் படித்தது.

நம் பக்கத்து வழக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். காக்கா கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போனான், காலையில் ஆலைக்கு வருகிறான். உன் மாப்பிள்ளை ஏறாவூரில் இருந்து உன்னுடைய வீட்டுக்கு வருவார். அந்த வீட்டைக் கட்டி உன் பெயருக்கு உறுதி எழுதிவிட்டேன், அதில் எனக்குப் பெரிய தகப்பன் என்ற நினைப்பு. செவ்வாய்க்கிழமை றிஸ்வியின் கடையில் உட்கார்ந்தபோதுதான் யோசித்தேன். எங்களுக்கு முதலில் ஒரு நல்ல இருப்பிடம் கட்டித் தந்தது யார்? வங்கியும் கப்பல் ஏஜென்டும் கட்டார்காரரும் நம்மைத் தேடி வருகிற அந்த இடத்தை நீ கட்டினாய். நான் அதற்குள் ஒரு பின்கதவை வெட்டிவிட்டு, வெள்ளம் வந்ததற்கு உன்னைக் குறை சொல்லவிட்டேன்.

ஆகவே டொமைனை என் பெயருக்கு மாற்றவில்லை. காக்காவிடம் கேட்டேன். அவன் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. “அவட பேருக்கே போடுங்க. நாங்க என்ன, போற பிள்ளையள்தானே,” என்றான். இன்று காலை றிஸ்வியோடு உட்கார்ந்து படிவத்தை நிரப்பினோம். சொந்தக்காரர் என்ற இடத்தில் உன் பெயர், முகவரி என்ற இடத்தில் உன் புதிய வீட்டின் முகவரி. ஓடர் பெட்டியும் இன்றைக்கே உன்னிடம் திரும்பி வருகிறது. காக்காதான் அதைக் கேட்டான். உன்னைவிட அவனுக்கு அதில் நிம்மதி போலிருக்கிறது.

புத்தி சொல்ல வேண்டும் என்று தொடங்கவில்லை, ஆனாலும் தகப்பன் கடிதம் எழுதினால் இரண்டு வார்த்தை இல்லாமல் முடியாது. மாப்பிள்ளை நல்ல பிள்ளை, எனக்குப் பிடித்த பிள்ளை. அவரிடம் எதையும் மறைக்காதே. பாஸ்வேடை மட்டும் கொடுக்காதே. அது நீயே எனக்குச் சொன்ன சட்டம், கட்டிய புருஷன் என்பதால் சட்டம் மாறாது. பிள்ளை பிறந்தாலும், வீட்டு வேலை கூடினாலும் ஆலையின் வேலையை விடாதே. விடச் சொல்லி யார் கேட்டாலும் என்னிடம் வரச் சொல். உம்மாவாக இருந்தாலும் சரி. இன்னொன்று, இது கொஞ்சம் கஷ்டமானது. என்னை நீ காப்பாற்றியது போல அவரை எப்போதும் காப்பாற்றாதே. உன் பொறுமை எனக்குப் பெரிய கொடை, அதை என் ஆயுள் உள்ளவரைக்கும் மறக்க மாட்டேன். ஆனால் நீ அன்றைக்கு அந்த முற்றத்தில், வாப்பா, இது உங்கட வேலைதானே என்று கேட்டிருந்தால் நான் ஒரு வருடம் முந்தியே மனுஷனாகியிருப்பேன். மாப்பிள்ளை பிழை விட்டால் அவரிடம் அன்றைக்கே சொல்லு. ஆம்பிளைகளுக்கு அது நல்லது. எனக்குத் தெரியும்.

இதை றிஸ்வியின் கடையில் இருந்து முடிக்கிறேன். படிவம் அனுப்பியாகிவிட்டது. உன் பெட்டிக்கு ஒரு கடிதம் வரும், இந்தப் பெயரை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்கும். நீ ஓம், ஏற்றுக்கொள்கிறேன் என்று அழுத்தினால்தான் அது உன்னுடையதாகும். அழுத்தாவிட்டால் சில நாளில் திரும்பி றிஸ்வியிடமே வந்துவிடுமாம். அவசரம் இல்லை. கோபம் இருந்தால் இருக்கட்டும், கலியாண வேலை முடித்துவிட்டு யோசித்துச் செய். நீ அழுத்தியதும் றிஸ்வியின் திரையில் தெரியும் என்கிறார். இரண்டாவது தேநீர் வந்திருக்கிறது, நான் இங்கேதான் இருக்கிறேன்.

அவரிடம் அந்தப் பதிவைத் திறந்து காட்டச் சொன்னேன். கடிதம் எங்கே போக வேண்டும் என்று சொல்கிற இடத்தில் உன்னுடைய வரி ஒன்றுதான் இருக்கிறது. இந்தக் கடிதமும் அந்த வழியால்தான் வருகிறது. திரையைப் படம் பிடிக்கவில்லை. வட்ஸ்அப்பில் இன்னொன்று அனுப்பவும் இல்லை.

உன் வாப்பா